பிரிஸில்லா புத்தகம் கொடுத்தால்

ஜூன் 3, செவ்வாய்

பார்கவி இன்று கூட்லு கேட்டில் இறங்க மறந்துவிட்டாள். ஆபீஸ் பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், கதவு மூடியது. இவள் தலையே தூக்கவில்லை. மடியில் நான் கொடுத்த துப்பறியும் நாவல். பக்கத்து சீட்டில்தான் இருந்தேன், தோளில் ஒரு தட்டு தட்டியிருக்கலாம். எவ்வளவு தூரம் போகிறாள் பார்க்கலாம் என்று சும்மா இருந்தேன். பொம்மனஹள்ளியில் நான் எழுந்தபோதுதான் ஜன்னல் வழியே பார்த்து, "ஐயோ, இது உன் ஸ்டாப்பாச்சே!" என்று அலறினாள்.

அக்கவுண்ட்ஸில் இத்தனை வருஷம் எண்களைத் தவிர வேறொன்றும் படிக்காதவள். "என்னைக் கெடுத்துட்டியேடி" என்று திட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்கப் போனாள். ரோடு தாண்டும்போதும் விரல் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

ஆளைப் பார்த்தால் போதும் எனக்கு. செருப்பு, டிபன் டப்பா, போனில் பேசும் தோரணை. இவருக்கு இன்ன புத்தகம் என்று சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நோயல் கேட்கிறார். இருக்கிறது. கியர்பாக்ஸ் ரிப்பேர் செய்கிற மனுஷருக்கு அது எப்படிப் புரியும்?

ஜூன் 5, வியாழன்

ஏழாம் மாடியில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு புத்தக அலமாரி உண்டு. கம்பெனியின் நிறம் ஆரஞ்சு. அதனால் உள் அலங்காரம் செய்தவர் ஆரஞ்சு அட்டைப் புத்தகங்களாகப் பார்த்து, எடைக்கு வாங்கி அடுக்கிவிட்டுப் போனார். பன்றி வளர்ப்பு இருக்கிறது. இதய அறுவை சிகிச்சை இருக்கிறது, இரண்டாம் பாகம் மட்டும். என்ன மொழி என்றே தெரியாத ஓர் அகராதி இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும்போது எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்றபடி அதைத் தொடுபவர் ஹவுஸ்கீப்பிங் லட்சுமம்மா ஒருவர்தான். தூசி தட்ட.

நான் அட்மின். நாற்காலி, ஏ.சி., டீத்தூள், ஐ.டி. கார்டு. அலமாரியைப் பார்த்துக்கொள்ள யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் இன்று வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுபோய் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பேய்க்கதை, பயணம், கவிதை, சரித்திர நாவல், விஞ்ஞானக் கதை, சமையல். பன்றி வளர்ப்பைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன்.

ஜூன் 9, திங்கள்

டெஸ்டிங் டீம் ரங்காவுக்குப் பேய்க்கதை கொடுத்திருந்தேன். மூன்று நாளாக லைட் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறானாம். பி.ஜி. ஹாஸ்டல் ரூம்மேட் எனக்குப் போன் செய்து சண்டை போட்டான். என்ன ஆனந்தம்!

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுநாத், "நங்கே ஓதோக்கே டைம் எல்லிதே மேடம்?" என்று கேட்டவர், படிக்க நேரமே கிடையாது என்று. இமயமலைக்கு லாரியில் போன ஒருவர் கன்னடத்தில் எழுதிய பயண நூலைக் கொடுத்தேன். இன்று மாலை எல்லா பஸ்ஸும் லேட். டிரைவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள், மஞ்சுநாத் பனிமலையில் இருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

ஹெச்.ஆர். தலைவர் சேஷகிரி கூப்பிட்டு அனுப்பினார். அலமாரியைக் கலைத்ததற்குத் திட்டு என்று நினைத்துப் போனால், நாற்காலி போட்டார்!

"யூ ஹேவ் எ கிஃப்ட், பிரிஸில்லா. அந்த ரங்கா ஒரு வாரமா கேம் ஆடலையாம். எப்படிப் பண்றீங்க?"

தானும் பெரிய வாசகர் என்றார். போன வருஷம் மட்டும் நூற்றிருபது புத்தகம். எப்படி சார் என்றேன். கால்மணி நேரத்தில் ஒரு புத்தகத்தின் சாரத்தைக் காதில் சொல்லும் ஆப் இருக்கிறதாம். டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே கேட்பாராம். "ஒரு ரஷ்ய நாவல் ஆயிரத்து சொச்சம் பக்கம். கூல்-டவுன்லயே முடிஞ்சிடுச்சு." கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். "வெரி லாங்" என்றார்.

இன்றிலிருந்து நான் "வாசிப்பு அனுபவ அதிகாரி". புது ஐ.டி. கார்டு உண்டு. அச்சடிப்பது நானேதான் என்பதால் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

சம்பளம் அதே.

ஜூன் 19, வியாழன்

சேஷகிரிக்குப் புது யோசனை. நன்றாக உழைக்கிற சிலருக்கு, ஆளுக்குப் பொருத்தமாக ஒரு புத்தகம், கையால் எழுதிய வாழ்த்து அட்டையோடு. "கம்ப்யூட்டர் எழுதினா கண்டுபிடிச்சிடறாங்க. உங்க கையெழுத்துல ஒரு மனுஷத்தனம் இருக்கு." முதலில் மூன்று பேர்: தரக்கட்டுப்பாடு சிந்தியா, சீனியர் ராஜேந்திரன், நம்ம ரங்கா.

எதற்கு இந்த மூன்று பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. மனம் அதற்குள் கடைக்குப் போய்விட்டது.

சிந்தியாவுக்கு, தனியாகப் படகில் உலகைச் சுற்றிய ஒரு பெண்ணின் அனுபவம். அட்டையில்: "புதிய கரைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன." ராஜேந்திரன் சாருக்கு மாடித்தோட்டம் பற்றிய அழகான படப்புத்தகம்: "இனி உங்களுக்கென்று நேரம் கிடைக்கட்டும்." ரங்காவுக்கு விஞ்ஞானக் கதை. ஒருவன் காலையில் எழுந்தால் அவனை யாருக்கும் தெரிவதில்லை. அட்டையில்: "நாளைக்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம்!" ஆச்சரியக்குறி வேறு.

இவ்வளவு பொருத்தமாக நான் எழுதியதே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்று பேரையும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

மதியம் ஒவ்வொருவராகச் சின்ன மீட்டிங் ரூமுக்குள் கூப்பிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் தயாராக டைப் செய்து வைத்திருந்ததாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு சணல் பை கொடுத்து அனுப்பினார்கள். சணல் பைக்குள் என் புத்தகம். என் அட்டை. புதிய கரைகள்.

ரங்கா லிஃப்ட் வாசலில் நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். வெளியே போகத் தோன்றவில்லை.

சேஷகிரியிடம் போனேன். எனக்கு ஏன் சொல்லவில்லை சார் என்றேன். "சொல்லியிருந்தா இவ்வளவு நேச்சுரலா எழுதியிருப்பீங்களா? யாரும் சத்தம் போடலை. ஒரு ஸாஃப்ட் லேண்டிங். தட் வாஸ் யூ." கை கொடுத்தார். கொடுத்த கையை நானும் குலுக்கினேன். ஏன் குலுக்கினேன்?

ஜூன் 28, சனி

சிந்தியா போன் செய்தாள்.

"பிரிஸில்லா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தெரிஞ்சுதான் எழுதினியா?"

"சத்தியமா தெரியாது சிந்தியா."

"தெரியாமலே இப்படி எழுதினா, தெரிஞ்சிருந்தா என்னெல்லாம் எழுதியிருப்பே!"

வைத்துவிட்டாள். நாளைக்குப் பூசையில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரே கோயில், ஒரே பாடற்குழு.

ஜூலை 1, செவ்வாய்

கேன்டீனில் நான் தட்டை வைத்ததும் மேஜையிலிருந்து நாலு பேர் எழுந்துபோனார்கள். ஒருத்தி தோசையைப் பாதியில் விட்டுவிட்டு.

ஜூலை 3, வியாழன்

கையில் புத்தகத்தோடு லிஃப்டில் ஏறினேன். நான் படிப்பதற்கு, எனக்கு! உள்ளே இருந்த பையன் ஏழாம் மாடியை அமுக்கியிருந்தான். இரண்டிலேயே இறங்கிப் படியேறிப் போனான்.

சேல்ஸில் ஒருவர் சேஷகிரியிடம் நேரில் போய், "சார், எனக்குப் படிக்கிற பழக்கம் சுத்தமா கிடையாது. ரெக்கார்டுல போட்டுக்கோங்க" என்றாராம். எம்.பி.ஏ. தங்கப்பதக்கம் வாங்கியவர். நேற்றுவரை மேஜையில் அலங்காரமாக முன்னேற்ற நூல்களை அடுக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆபீஸ் முழுக்க இப்போது எழுத்தறிவே இல்லாதவர்கள்.

ஜூலை 4, வெள்ளி

பார்கவி துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி.

"முடிச்சிட்டுக் குடேன்டி. இது நான் ஃப்ரெண்டா குடுத்தது."

"வேணாம்மா. கொலைகாரன் யாருன்னு தெரியாமலே இருந்துட்டுப் போறேன்."

ஆனாலும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். இந்த ஆபீஸில் அதற்கு இப்போது ஒரு தைரியம் வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

"வாசிப்புக்கு அஞ்சாதீர்!" என்று மாடிக்கு மாடி போஸ்டர் ஒட்டச் சொல்லி உத்தரவு. சேஷகிரி படம், கையில் ஆரஞ்சுப் புத்தகம். உற்றுப் பார்த்தேன். பன்றி வளர்ப்பு.

ஜூலை 14, திங்கள்

கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை இன்னும் ஐந்து பேர். "ஸேம் கான்செப்ட். போன தடவை ஃபீட்பேக் ரொம்ப நல்லா இருந்தது." யாருடைய ஃபீட்பேக்? கேட்கவில்லை. பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். டிசைன் டீம் டெரிக். மற்ற மூவரின் முகம்தான் தெரியும். கடைசியில்,

"அக்கவுண்ட்ஸ் பார்கவி. அவங்களுக்கு ஏதாவது லைட்டா. ஹ்யூமர்?"

வெளியே விஷயம் போனால் அது என் வழியாகத்தான் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சரி சார் என்றுவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாலை பஸ்ஸில் பார்கவி நல்ல குஷியில் இருந்தாள். அவள் நாத்தனார் வேலை செய்யும் கம்பெனியில் ஓர் இடம் காலியாம், ஜெயநகரில். இரண்டு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"வேணாம்னு இப்பத்தான் மெசேஜ் போட்டேன். யாருடி புது இடத்துல போய் முதல்லேர்ந்து ஆரம்பிப்பா? இங்க பஸ் இருக்கு, கேன்டீன் இருக்கு, நீ இருக்கே."

நான் என்ன செய்தேன்? ஜன்னல் பக்கம் திரும்பி, "மழை வரும்போல" என்றேன்.

மெசேஜை அழித்துவிடு, இப்பவே போன் பண்ணு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சிங்கசந்திரா தாண்டியது. கூட்லு கேட் வந்தது. கையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். சரியான ஸ்டாப்பில்.

மகன் காலேஜ், வீட்டு வாடகை, எனக்கும் வேலை போய்விடுமே. காரணத்துக்கா பஞ்சம்? அடுக்கிக்கொண்டே வீடு வந்தேன். நோயலிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சொல்லாமயா இறங்கி வந்தே?"

"சொன்னா நானும் போவேன், நோயல்."

"எங்க ஷாப்ல மெஷின்ல ஒருத்தன் கை மாட்டப் போகுதுன்னா முதல்ல கத்துவோம், பிரிஸி. அப்புறம்தான் சூப்பர்வைசரு கீப்பர்வைசரு எல்லாம். இதுல என்ன யோசனை உனக்கு? பேஜாரா இருக்கு கேக்கவே."

எனக்கு மட்டும் பேஜாராக இல்லையா?

ஜூலை 16, புதன்

காலையில் அரைநாள் லீவு போட்டு அவென்யூ ரோடு புத்தகக் கடைக்குப் போனேன். பேய்க்கதை, கவிதை எல்லாம் தாண்டி, வழக்கமாக நான் எட்டிக்கூடப் பார்க்காத பக்கத்துக்கு. சட்டப் புத்தகங்கள். வேலை பார்ப்பவர்களின் உரிமை பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு கையேடு இருந்தது. கடையிலேயே நின்று படித்தேன். நாமாக ராஜினாமா எழுதிக்கொடுத்தால் பிறகு வாதாட ஒன்றும் மிஞ்சாது. அவர்களே நீக்கட்டும், காரணத்தை எழுத்தில் தரட்டும் என்று ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்கிறது. நடை சுமார். வர்ணனை கிடையாது. இவ்வளவு பரபரப்பாக எதையும் சமீபத்தில் நான் படித்ததில்லை.

ஐந்து பிரதி கேட்டேன். "லா படிக்கிறீங்களா மேடம்?" என்றார் கடைக்காரர். "இல்லை, ஹெச்.ஆர்." என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

பில்லில் "சுயமுன்னேற்ற நூல்கள்" என்று எழுதித் தரச் சொன்னேன். பொய் இல்லையே. சேஷகிரிக்குப் போனில் அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை வந்தது. பில் பாஸ்.

மதியம் ஆபீஸ். ஒவ்வொரு பிரதியிலும் அந்த ராஜினாமா அத்தியாயத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவேண்டிய புத்தகங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து இறங்கி நடந்தேன். ஏழாம் மாடி அப்படியே செத்துப்போனது. ஒரு கீபோர்டு சத்தம் இல்லை. நான் கடக்கும்போது ஒவ்வொருவரும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். யாரோ கண்ணை மூடிக்கொண்டு வெங்கடரமணா என்று முணுமுணுத்தார்கள். ஐ.டி. சப்போர்ட் பையன் மேஜைக்கு அடியில் கேபிள் தேடப் போய்விட்டான்.

டெரிக் மேஜையில் வைத்தேன். எந்நேரமும் ஜிம், கைகள் இரண்டும் தூண் மாதிரி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், நான் புக்கே படிக்கிறதில்ல." "இதைப் படிங்க. சீட்டு ஒட்டின பக்கத்தை இன்னிக்கே. வெள்ளிக்கிழமைக்குள்ள." அட்டையைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெதுவாகப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

கடைசியில் பார்கவி. நான் வருவதை வெகுதூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள்.

"எனக்கா?"

தலையாட்டினேன்.

"எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழம."

"நேத்து பஸ்ல தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். புத்தகத்தை வாங்கி, பைக்குள் போட்டு, பை ஜிப்பை மூடி, திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸில் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

பக்கத்து சீட் காலி.

ஜூலை 18, வெள்ளி

டெரிக் சொல்லித்தான் எல்லாம் தெரியும். போனில் கத்திக் கத்திச் சொன்னான்.

ஐந்து பேரையும் ஒவ்வொருவராகச் சின்ன ரூமுக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள். டைப் செய்த ராஜினாமா மேஜையில். முதலில் டெரிக். "நான் ராஜினாமா பண்ணலை சார். நீங்க எடுக்கறீங்கன்னா, காரணத்தோட எழுத்துல குடுங்க." சேஷகிரி சிரித்து, தண்ணீர் கொடுத்து, பேச்சுவார்த்தைக் கலை பற்றி ஏதோ எடுத்துவிட்டிருக்கிறார். டெரிக் எந்தச் சட்டப் பிரிவு, கையேட்டில் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கிறான். பிறகு பார்கவி. அதே பதில், இன்னும் அமைதியாக. பிறகு மற்ற மூவர். ஐந்தாவது ஆள் கதவைத் திறந்ததும் சேஷகிரியே "உங்களுக்கும் எழுத்துல வேணுமா?" என்று கேட்டாராம்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. யாரும் சணல் பை வாங்கவில்லை.

"மேடம், இன்னொண்ணு" என்றான் டெரிக். "ரெண்டு நாள்ல முழுசா முடிச்சிட்டேன். சக்கத்தா இருக்கு. இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஜூலை 21, திங்கள்

நாற்காலி போடவில்லை. மேஜையில் அந்தக் கையேடு, பக்கத்தில் அவரே பாஸ் செய்த பில்.

"வாட் இஸ் திஸ், பிரிஸில்லா?"

"ஆளுக்குப் பொருத்தமா குடுக்கச் சொன்னீங்க சார்."

"உங்ககிட்ட ஹ்யூமர் கேட்டேன்."

நல்லவேளை, நான் சிரிக்கவில்லை. என்னையும் ராஜினாமா செய்யச் சொன்னார். கடிதம் தயாராக இருந்தது. எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வந்தது. இரண்டாம் முறை சொன்னபோது கேட்டது.

மாலையில் சிந்தியாவிடமிருந்து மெசேஜ்: "அந்த லா புக் எனக்கும் ஒண்ணு. கார்டு வேண்டாம்."

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை. மாற்றல் வந்தது. வாசிப்பு அனுபவ அதிகாரி இன்றுமுதல் இரண்டாம் பேஸ்மென்டில், வண்டிப் பாஸுக்கு முத்திரை குத்தும் மேஜையில். பக்கத்து மேஜை மஞ்சுநாத். வெளிச்சம் இல்லை, போன் சிக்னல் இல்லை, பெட்ரோல் வாசனை. புகாரை இந்த டைரியில்தான் எழுதிவைக்கவேண்டும். "இல்லி யாரூ பரல்ல மேடம், சும்னே ஓதி" என்கிறார் மஞ்சுநாத். இங்கே யாரும் வரமாட்டார்கள், சும்மா படிக்கலாமாம். அவர் இப்போது சரித்திர நாவல்களுக்கு வந்துவிட்டார். ஒரு படையெடுப்பு முடியும்வரை டிரைவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெச்.ஆர். மாநாடு ஒன்றில் எங்கள் கம்பெனிக்கு விருதாம், "பணியிடத்தில் வாசிப்புப் பண்பாடு" வளர்த்ததற்கு. சேஷகிரி கேடயத்தோடு நிற்கும் படத்தை எல்லோருக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் அலமாரி. என் புத்தகங்களை எடுத்துவிட்டு மறுபடி ஆரஞ்சாக அடுக்கிவிட்டார்கள். மெயிலின் கடைசியில் சேஷகிரியின் பொன்மொழி: "ஒரு புத்தகம் ஒரு வாழ்க்கையையே மாற்றும்."

அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கையெழுத்துப் போடாவிட்டாலும் ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். லேபர் ஆபீஸ் வரை போன பிறகு கம்பெனி இறங்கி வந்துவிட்டது. ஐந்து பேருக்கும் சேரவேண்டியதைக் கொடுத்து, எடுத்தது நாங்கள்தான் என்று எழுதியும் கொடுத்தது. சிந்தியா, ரங்கா, ராஜேந்திரன் சார் மூவரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் விஷயம் கொஞ்சம்தான் நகர்ந்தது. டெரிக் அதற்காக விடாமல் அலைகிறான். மாலை நேர சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வேறு போட்டிருக்கிறானாம்.

வேலை? யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. கையேட்டில் அதற்கு அத்தியாயம் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பார்கவி போன் செய்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. ஜெயநகர் இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. பீண்யாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"கூட்லு கேட் எங்க, பீண்யா எங்க? ஊரோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. தெனமும் மெட்ரோவுல ஏறும்போது உன்னைத் திட்டிக்கிட்டேதான் ஏர்றேன்."

"திட்டு."

"திட்டறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. அவ்ளோ தூரம் என்னதான் பண்றது? சும்மா மத்தவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு..."

புத்தகம் கேட்கிறாளா? நாக்கு நுனி வரை வந்தது ஒரு பெயர். விழுங்கிவிட்டேன். அவளாகக் கேட்கட்டும். கேட்கவில்லை. மகள் காய்ச்சல், நாத்தனார் சண்டை என்று கொஞ்சம் பேசிவிட்டு வைத்தாள். பழைய மாதிரி இல்லை. ஒன்றுமே இல்லாமலும் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மூன்று வண்டிப் பாஸ். நாள் முடிந்தது.

நவம்பர் 12, புதன்

மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ஒரு பெண் படியிறங்கி வந்தாள். ஐந்தாம் மாடியாம், பெயர் மகா. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கழுத்தில் ஐ.டி. கார்டு பளபளவென்று இருந்தது. முத்திரையை எடுத்தேன்.

"பாஸ் இல்ல மேடம். ஒரு புக் வேணும்."

மஞ்சுநாத் கையிலிருந்த படையெடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை. மேல கேட்டேன், கீழ போங்கன்னாங்க. போகாதீங்கன்னும் சொன்னாங்க." கொஞ்சம் சிரித்தாள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் டி.வி. பாக்க முடியாதுன்னு ஒரே புலம்பல். ஏதாவது வாசிச்சுக் காட்டலாம்னு பாத்தேன்."

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டா செருப்பு, நகம் கடித்த விரல், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இதற்கென்றே ஒரு குடும்ப நாவல் வீட்டில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. வாயைத் திறந்தேன், மூடினேன்.

"அம்மாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"

யோசித்தாள். "தெரியலையே மேடம்" என்றாள். அப்படிச் சொன்னது அவளுக்கே ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும். மஞ்சுநாத் நகர்த்திய ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அம்மா பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் காலர் தைத்தவர். சீரியலில் யார் சாகப்போகிறார்கள் என்று முதல் வாரமே சொல்லிவிடுவார், தப்பியதே இல்லை. கெட்டவன் திரையில் வந்தால் எழுந்து நின்று திட்டுவார். பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தே கன்னடம் கற்றுக்கொண்டவர். கூட உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மானம் போகும். "இப்ப கட்டோட படுத்துக்கிட்டு, ஆட்டோ சத்தத்தை வெச்சே எந்தத் தெருவுல திரும்புதுன்னு சொல்றாங்க மேடம்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் யாரோ பாஸுக்கு வந்தார்கள், முத்திரையை மஞ்சுநாத்தே குத்தி அனுப்பினார்.

லஞ்ச் முடிந்து அவள் மேலே போன பிறகுதான் உறைத்தது. புத்தகத்தின் பெயர் எதையும் நான் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. என் டப்பாவில் பாதி தயிர்சாதம் அவள் சாப்பிட்டிருந்தாள்.